ஆறு வரிக்கு இடம்

முகத்துவாரம் வெட்டிய இரவில்
வெள்ளத்தோடு கடலுக்குள் இழுபட்டுப் போன
இரண்டு பொடியன்களின் கதை.
நான் எழுதியது இருநூற்றுப் பத்துப் பக்கம்.
வெளிச்சவீட்டுக்கு ஒன்பது,
புயலுக்கு இருபத்திரண்டு,
நண்டுத் தீவில் கிடந்த பசிக்கு மட்டும்
முழுதாக ஓர் அத்தியாயம்.

மெலனி ஓக்கேர்ஸ் அதைக்
கல்லடிப் பாலத்தடியில், ஸ்கூட்டரில் சாய்ந்தபடி
ஒரு பின்னேரத்தில் வாசித்து முடித்தாள்.
கேட்டது ஒன்றே ஒன்று:
“தோணி என்ன நிறம்?”

நான் எழுதியிருக்கவில்லை.

வாவித் தண்ணியில்தான் அவள் தூரிகை கழுவுவாள்.
உப்புக் காய்ந்து, நீலம் அங்கங்கே பொரிந்து,
தாளில் வெள்ளி பூத்திருந்தது.
“நான் கீறல்லகா, தானா வந்தது.”
என் மூன்றாம் அத்தியாயத்திலும்
விண்மீன்கள் இருந்தன,
எண்ணற்று, கண்சிமிட்டிக்கொண்டு.
அன்றிரவே அந்த வரியை வெட்டினேன்.

மறுகா எல்லாம் வெட்டுத்தான்.
புயலென்று அவள் கொண்டுவந்த படத்தில்
மழை இல்லை, அலை இல்லை, மின்னலும் இல்லை.
தண்ணி இறைக்கிற ஒரு பால்மா டின்,
அதை விடாமல் பிடித்திருக்கிற
நகம் உரிந்த ஒரு கை.
இருபத்திரண்டு பக்கம் போயிற்று.
பசிக்கு, மணலில் வரிசையாக
பதினேழு நண்டோடு.
பதினெட்டாவதுக்கு விரலால் வட்டம் போட்டு
வெறுமனே விட்டிருந்தாள்.
அந்த அத்தியாயத்தை நானே கிழித்தேன்,
அவள் சொல்லவில்லை.

கல்முனையில் அச்சகத்து ஜௌபர்
தாளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
“நிறத்துக்குத்தான் மிஸ் காசு.
எழுத்து மலிவு, எவ்வளவும் போடலாம்.”
பஸ் களுவாஞ்சிக்குடி தாண்டும்வரை
அந்த ‘மலிவு’
பக்கத்து ஸீற்றில் இருந்து வந்தது.

நாற்பத்தேழாம் பக்கம் கடைசியாகத்தான் வந்தது.
பொடியன்கள் இருவரும் நித்திரை,
ஒருவன் கால் மற்றவன் வயிற்றில்.
தோணியின் பின்னணியத்தில்
துடுப்போடு இன்னொருவர்.
முதுகு மட்டும்.
சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

“இது ஆரு? நான் இப்படி ஒராளை எழுதல்லையே.”

தூரிகையை உதறினாள்.
“ரெண்டு பேரும் நித்திரை எண்டு எழுதினது நீ.
விடிய தோணி கரையில நிண்டதெண்டும் நீதான்.
அப்ப வலிச்சது ஆரு?”

எட்டு வருசம் கையில் வைத்திருந்த கதை.
எத்தனை தரம் திருத்தினேன்.
காற்று என்று சொல்லப் பார்த்தேன்.
நீரோட்டம் என்றேன்.
அவள் படத்தைச் சுருட்டாமல்
என் முன்னாலேயே காயவிட்டுப் போனாள்.

படத்துக்குக் கீழே ஆறு வரிக்கு இடம்.
பெயர் வைத்தேன், எடுத்தேன்.
முகம் கொடுத்தேன், அது முதுகோடு பொருந்தவில்லை.
பதினோராம் முறையும் எழுதி அடித்தபோது
ஜௌபர் போன் எடுத்தார்.
“நாப்பத்தேழில எழுத்து விடுபட்டிட்டு மிஸ்.”
“விடுபடல்ல” என்றேன்.

அக்கரைப்பற்று நூலகத்தில்
பேப்பர் தட்டுக்குப் பின்னால் நின்றேன்.
முன்பற்கள் விழுந்த ஒரு பெடியன்,
அவனைவிட இரண்டு விரல் உயரமான அவன் ராத்தா,
நடுவில் புத்தகம்.
வரும் வழியெல்லாம் என் வரிகள்மேல்
அவன் பெருவிரல் படுத்தே கிடந்தது.

“அது அவங்கட வாப்பா.”
“இல்ல, தோணிக்காரன். களவுபோன தோணியத் தேடி வந்தவன்.”
“அப்ப ஏன் நீந்தி வந்தவன் மாதிரி நனைஞ்சிருக்கான்?”
ராத்தாவிடம் பதில் இல்லை.
குனிந்து, மூக்கு தாளில் முட்ட,
அந்த முதுகைச் சுற்றி எட்டிப் பார்க்கிறவள்போல்
தலையைச் சரித்தாள்.

பின்பக்கத்தில்
நாற்பத்தெட்டு காத்துக்கொண்டிருந்தது,
நான் எழுதிய நல்ல வரிகள் மூன்றோடு.
அவர்கள் இன்னும் புரட்டவில்லை.